ஐயம் ஈன்ற அருமருந்து

“இது சோதனையில் உள்ள மருந்து.”

மருத்துவர் இப்படிச் சொல்லிவிட்டால் போதும். நோயாளியின் உற்றார் இரு கூறாகப் பிரிந்துவிடுவர். ஒரு சாரார், “ஐயோ, சோதனையா? நம்மவர் என்ன, ஆய்வுக்கூடத்து எலியா?” என்று அலறுவர். மறு சாரார், “மற்ற மருந்தெல்லாம் தோற்ற இடத்தில் இது வந்திருக்கிறது, ஆகவே இதுதான் அற்புத மருந்து” என்று கைகூப்புவர். முன்னவரை ஆட்டுவிப்பது அச்சம். பின்னவரை ஆட்டுவிப்பது மயக்கம். இரண்டுக்கும் நடுவே, அமைதியாக, அடக்கமாக நிற்கும் ஒன்றை இரு சாராரும் காண்பதில்லை. அதன் பெயர் ஐயம்.

புற்றுநோய் முற்றி, கட்டி ஓரிடத்தில் நில்லாமல் உடலெங்கும் வேர்விட்டு, அறுவையும் கதிர்வீச்சும் கைவிட்டபின், உடலின் காவற்படையையே போருக்கு எழுப்பும் புதுவகை மருந்துகள் உலகின் பல மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டு வருகின்றன. சில தேறின, பல தோற்றன, மேலும் பல இன்னும் தேர்வுக்களத்தில் நிற்கின்றன. இந்த மருத்துவம் எவ்வாறு பிறந்தது? எவர் ஐயுற்றதால் வளர்ந்தது? எவரெவர் தம் உடலை ஈந்ததால் மெய்யாயிற்று? இவ்வரலாற்றை அறிந்தவர், ‘சோதனை’ என்னும் சொல்லைக் கேட்டு அலறவும் மாட்டார், மயங்கவும் மாட்டார். ஆகவே அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

★

நியூயார்க் நகரம். 1890-ஆம் ஆண்டு.

வில்லியம் கோலி என்னும் அறுவை மருத்துவருக்கு அப்போது வயது 28. அவரிடம் 17 வயது நங்கை ஒருத்தி வந்தாள். கையில் பட்ட சிறு அடி, ஆறாத வலி, குறையாத வீக்கம். ஆராய்ந்து பார்த்தபோது அது புற்று என்று தெரிந்தது. அக்காலத்தில் மருத்துவர் அறிந்த வழி ஒன்றே: வெட்டியெடுப்பது. கோலி அவள் கையை வெட்டினார். புற்றோ வெட்டுக்கு அஞ்சவில்லை, உடலெங்கும் பரவிற்று. 1891 ஜனவரியில் அந்த இளந்தளிர் உதிர்ந்தது.

“விதி” என்று ஒரு சொல் சொல்லி, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருக்கலாம் அந்த மருத்துவர். கூப்பிடவில்லை. மனம் ஆறவில்லை. “இவளைப்போல எத்தனை பேர் வந்தனர்? அவர்களுள் ஒருவராவது பிழைத்ததுண்டா?” என்று கேட்டுக்கொண்டு, மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டலானார்.

ஏடு ஒரு புதிரை நீட்டிற்று. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒருவர். கழுத்தில் புற்று. பலமுறை அறுத்தும் மீண்டும் மீண்டும் முளைத்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் கைவிரித்த நிலையில், அறுவைப் புண்ணில் கொடிய தொற்றுநோய் புகுந்தது. எரிசிப்பெலஸ் என்பது அதன் பெயர். தோலைத் தீப்போலச் சிவக்கச் செய்து, கடுங்காய்ச்சலில் தள்ளும் நோய். சாவு நெருங்கிற்று என்றே எண்ணினர். ஆனால் காய்ச்சல் தணிந்தபோது கட்டி கரைந்திருந்தது! அவர் நடந்தே வீடு திரும்பினார் என்றது ஏடு.

ஏட்டில் எழுதியிருக்கிறது, ஆகவே உண்மை என்று கோலி நம்பிவிடவில்லை. நகரத்தின் தென்புறத்தில் ஏழைகள் நெருங்கி வாழும் தெருக்களில் வீடு வீடாகத் தேடினார்; தேடியவரைக் கண்டார். உயிரோடு, உடல் நலத்தோடு, கழுத்தில் பழைய தழும்போடு அம்மனிதர் நின்றார். நோயை நோய் வென்றதா? அல்லது, வந்த நோயை எதிர்க்க எழுந்த உடல், எழுந்த வேகத்தில் பழைய பகையையும் சேர்த்துத் தீர்த்துவிட்டதா?

1891-இல், பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்ட இத்தாலியக் குடியேறி ஒருவரின் உடலில், கோலி அந்த நோய்க்கிருமிகளை ஊசியால் செலுத்தினார். பல முறை முயன்றபின் காய்ச்சல் மூண்டது. கட்டி சிதைந்தது. அம்மனிதர் மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் அதே முறை வேறு நோயாளிகளின் உயிரைக் குடித்ததும் உண்டு. ஆகவே உயிருள்ள கிருமியை விடுத்து, கொன்ற கிருமிகளின் கலவையை 1893 முதல் கையாண்டார். ‘கோலி நஞ்சு’ என்று அதற்குப் பெயர் வழங்கிற்று.

சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. ஏன் கரைந்தது என்று கோலியால் சொல்ல இயலவில்லை. ஏன் கரையவில்லை என்றும் சொல்ல இயலவில்லை. கலவையோ ஒரே தரத்தில் அமையவில்லை. செய்பவர்க்குச் செய்பவர் வேறுபட்டது. மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் இல்லை. இதற்குள் ரேடியமும் எக்ஸ் கதிரும் வந்து சேர்ந்தன. அவற்றின் ஆற்றலைக் கண்ணால் காணலாம், அளந்து கொடுக்கலாம். கோலியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் யூயிங் போன்ற பேரறிஞரே கதிர்களின் பக்கம் நின்றார். 1936-இல் கோலி மறைந்தார். 1965-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவருடைய மருத்துவத்தை மெய்ப்பிக்கப்படாத முறைகளின் பட்டியலிலேயே சேர்த்தது.

கோலிக்கு இழைக்கப்பட்டது அநீதியா? இதற்கு ஆத்திரப்பட்டு விடையிறுத்தல் எளிது. ஆராய்ந்து விடையிறுத்தல் கடினம். அவர் கேட்ட கேள்வி சரியானது. அவர் கண்ட நிகழ்ச்சியும் மெய்யானது. ஆனால் கண்டதைப் பிறரும் காணுமாறு நிலைநாட்டும் முறை அவரிடம் இல்லை. ஒருவர் பிழைத்தார் என்பது செய்தி. ஏன் பிழைத்தார், இன்னும் எத்தனை பேர் பிழைப்பர் என்பதே அறிவு. செய்திக்கும் அறிவுக்கும் இடையே அகன்ற ஆறு ஒன்று ஓடுகிறது. அதற்குப் பாலம் கட்ட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அந்தப் பாலத்தின் முதல் கல்லை, கோலி ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பெர்லினில் இருந்தோர் நட்டுவிட்டனர்.

★

1890-இல் ஜெர்மானியரான பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் வியத்தகு உண்மை ஒன்றைக் கண்டனர். தொண்டை அடைப்பான் நோயிலிருந்தும் இழுப்பு நோயிலிருந்தும் மீண்ட விலங்கின் குருதி நீரில், அந்நோய்களின் நஞ்சை முறிக்கும் பொருள் ஒன்று இருந்தது. அதனையே இன்று எதிர்ப்பொருள் என்கிறோம். மருத்துவர் ஆன்டிபாடி என்பர். பூட்டுக்கு ஒரு சாவி போல, ஒரு பகைக்கு ஓர் எதிர்ப்பொருள். வேறெதனையும் அது தொடாது. இதைக் கண்டு உள்ளம் துள்ளிய பவுல் எர்லிக், குறி தவறாது பாய்ந்து நோயை மட்டும் கொன்று உடலை விட்டுவிடும் ‘மாயக் குண்டு’ ஒன்றைக் கனவு கண்டார்.

கனவு இனிது. கருவி எங்கே? உடல் ஒரே நேரத்தில் எண்ணிறந்த வகை எதிர்ப்பொருள்களைச் செய்கிறது. அவற்றுள் நமக்கு வேண்டிய ஒரே வகையை, கலப்பில்லாமல், வேண்டும் அளவு எவ்வாறு பெறுவது?

விடை 1975-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கிடைத்தது. தந்தவர் இருவர். ஒருவர் சேசர் மில்ஸ்டைன், அர்ஜென்டினா நாட்டினர். அங்கு ஆட்சி மாறி, அறிவாளர்மீது அடக்குமுறை பாய்ந்தபோது பதவியைத் துறந்து வெளியேறியவர். மற்றவர் ஜார்ஜ் கோலர், ஜெர்மானிய இளைஞர். எதிர்ப்பொருளைச் செய்யும் வெள்ளை அணு நெடுநாள் வாழாது. புற்று அணுவுக்கோ சாவே இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்தனர் இருவரும். பிறந்தது ஒரு கலப்பு அணு: தாயிடமிருந்து தொழில், தந்தையிடமிருந்து ஆயுள்! ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் செய்து குவித்தது அது. எந்தப் புற்றின் சாவாத்தன்மை மனிதனைக் கொன்றதோ, அதே சாவாத்தன்மையை மனிதனுக்குப் பணிசெய்ய வைத்துவிட்டனர்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறவில்லை. எவரும் எடுத்தாளலாம் என்னும் நிலை ஏற்பட்டது. 1984-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அரசியல் துரத்தியடித்த ஒருவர் உலகுக்கு ஈந்த செல்வம் இது. அறிவாளியை விரட்டும் நாடு எதை விரட்டுகிறது என்பதை, விரட்டும் வேளையில் அது அறிவதில்லை.

★

கணை கிடைத்தது. எய்யவேண்டிய இலக்கு எது? புற்றுக் கட்டியா? பலரும் அப்படித்தான் எண்ணினர். அவ்வழியிலும் நல்ல மருந்துகள் வந்தன. ஆனால் அமெரிக்கர் ஒருவர் வேறு விதமாக எண்ணினார்.

ஜேம்ஸ் ஆலிசன் டெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூரில் 1948-இல் பிறந்தவர். 11 வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். வளர்ந்து ஆய்வாளரானபின் அவர் கருத்தைக் கவர்ந்தது டி அணு எனப்படும் வெள்ளை அணு. உடலின் காவற்படையில் அதுவே குதிரைப்படை. அக்குதிரைக்குச் சவுக்கும் உண்டு, கடிவாளமும் உண்டு. சி.டி.28 என்னும் மூலக்கூறு சவுக்கு, தட்டினால் பாயும். சி.டி.எல்.ஏ.-4 என்று இன்னொன்று. இதுவும் சவுக்கே என்று கருதினர் சிலர். ஆலிசனும் அவருடன் பணியாற்றியோரும் ஐயுற்றனர், ஆராய்ந்தனர். அது சவுக்கன்று, கடிவாளம் என்று கண்டனர். வேறொரு குழுவினரும் அதே முடிவுக்கு வந்தனர்.

கடிவாளம் ஏன்? பாய்ந்த படை நிற்காவிட்டால் சொந்த உடலையே மிதித்துவிடும். ஆகவே இயற்கை கடிவாளம் பூட்டிற்று. அந்தக் கடிவாளத்தின் நிழலில்தான் புற்று தப்பி வாழ்கிறது. அப்படியானால் எதிர்ப்பொருளைப் புற்றின்மீது எய்யவேண்டியதில்லை. கடிவாளத்தின்மீது எய்தால் போதும். கடிவாளம் அறுபடும்; மற்றதைப் படை பார்த்துக்கொள்ளும்!

1994-ஆம் ஆண்டின் கடைசி நாட்கள். கட்டி வளர்ந்த எலிகளுக்கு எதிர்ப்பொருள் கொடுத்தனர். கட்டிகள் மறைந்தன. மகிழ்ந்து கூத்தாடவேண்டிய ஆலிசன் என்ன செய்தார்? ஐயுற்றார். மீண்டும் செய்யச் சொன்னார். இம்முறை எந்த எலி மருந்து பெற்றது, எது பெறவில்லை என்பதைத் தாமே அறியாதவாறு ஏற்பாடு செய்துகொண்டு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் அளவெடுத்தார். தொடக்கத்தில் எல்லாக் கட்டிகளும் வளர்ந்தன. மனம் சோர்ந்தது. பிறகு ஒரு பகுதி எலிகளில் வளர்ச்சி நின்றது, சுருங்கிற்று, மறைந்தது. 1996-இல் முடிவு வெளியாயிற்று.

தம் கண்ணையே நம்பாமல் தம்மையே தேர்வுக்கு உட்படுத்திக்கொண்டாரே, அந்த விடுமுறைக் காலத்து அடக்கம்! கோலிக்கும் ஆலிசனுக்கும் இடையே கழிந்த நூறு ஆண்டுகளில் மருத்துவம் கற்ற பாடம் அது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் தாசுக்கு ஹோஞ்சோவின் குழுவினர் 1992-இலேயே பி.டி.-1 என்னும் மற்றொரு மூலக்கூறைக் கண்டறிந்திருந்தனர். அதுவும் கடிவாளமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆலிசனும் ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

★

எலி பிழைத்தது. மனிதன்?

இங்கேதான் சோதனை என்னும் சொல் தன் முழுப் பொருளையும் பெறுகிறது. இங்கேதான் ஒரு துயர நிகழ்ச்சியையும் சொல்லவேண்டியிருக்கிறது.

2006 மார்ச் 13. இலண்டன் மாநகர், நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். உடல் நலமுள்ள 8 இளைஞர்கள், ஊதியம் பெற்றுக்கொண்டு, சோதனைக்கு முன்வந்தனர். மருந்து, டி.ஜி.என். 1412 என்னும் எதிர்ப்பொருள். குருதிப் புற்றுக்கும் மூட்டு நோய்க்கும் உதவும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆலிசனின் எதிர்ப்பொருள் கடிவாளத்தை அறுப்பது. இதுவோ சவுக்கை ஓங்கி வீசுவது. குரங்குகளுக்கு 500 மடங்கு அளவு கொடுத்துப் பார்த்தனர், தீங்கில்லை. ஆகவே மனிதனுக்கும் தீங்கிராது என்று எண்ணினர்.

இருவருக்கு வெற்று நீர்மம், அறுவருக்கு மருந்து. ஒருவருக்குக் கொடுத்து, என்ன ஆகிறது என்று காத்திருக்கவில்லை. சில நிமிட இடைவெளியில் அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு என்று கொடுத்துக்கொண்டே சென்றனர். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, வாந்தி, நடுக்கம். பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. அறுவரும் தீவிர மருத்துவப் பிரிவில் உயிருக்குப் போராடினர். அறுவரும் பிழைத்தனர்; ஆனால் ஒருவர் கால்விரல்களையும் கைவிரல்களின் பகுதிகளையும் இழந்தார். குரங்கின் டி அணுக்களுள் ஒரு வகையில் அந்தச் சவுக்கு இல்லை, மனிதனிடம் உண்டு என்பது பின்னர்தான் விளங்கிற்று.

“பார்த்தீர்களா! சோதனை என்றால் இதுதான்!” என்பர் அஞ்சுவோர். இதுவன்று சோதனை. இது ஐயத்தை மறந்த சோதனை. ‘குரங்குக்கு நலம், ஆகவே மனிதனுக்கும் நலம்’ என்பது அறிவன்று. அறிவின் ஆடை உடுத்திய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் மருந்தைச் செய்தவர்களல்லர். கையை நீட்டிய இளைஞர்கள்.

ஆயினும் அந்தத் துன்பம் வீணாகவில்லை. விதிகள் திருத்தப்பட்டன. புதிய எதிர்ப்பொருளை முதலில் ஒருவருக்கு மட்டும் கொடு, காத்திரு, பார், பிறகே அடுத்தவருக்குக் கொடு. தொடக்க அளவை, விலங்கு தாங்கிய அளவைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாதே. மனித உடலில் மிகச் சிறு விளைவை உண்டாக்கும் அளவு எதுவென்று கணக்கிட்டு, அங்கிருந்து படிப்படியாக ஏறு. முற்றிய புற்றுக்குப் புதிய எதிர்ப்பொருளைச் சோதிக்கும் இடத்தில் இந்த எச்சரிக்கை கடைப்பிடிக்கப்படும்போதெல்லாம், அதன் பின்னே அந்த அறுவரின் வேதனை காவல் நிற்கிறது.

★

கடிவாளத்தை அறுக்கும் எதிர்ப்பொருள்களின் கதைக்குத் திரும்புவோம்.

இரண்டு மருந்துகள் போட்டியிட்டன. மெலனோமா என்னும் கொடிய தோல் புற்று முற்றியவர்களிடம் இரண்டும் சோதிக்கப்பட்டன. ட்ரெமெலிமுமாப் என்பதன் பெருஞ்சோதனை 2008-இல் தோல்வி என்று நிறுத்தப்பட்டது. இபிலிமுமாப்பும் அதே பள்ளத்தில் விழுந்திருக்கும். ஏனெனில் கட்டி சுருங்கிற்றா என்று சில வாரங்களில் படம் எடுத்து அளப்பதே வழக்கம். இந்த மருந்திலோ, சிலருடைய கட்டி முதலில் பெருத்தது! பகைவன் பெருகியதனால் மட்டுமன்று. உள்ளே புகுந்த காவற்படையாலும் பெருத்தது. பெருத்தபின் சுருங்கிற்று. அவசரப்பட்டு அளந்தோர் ‘தோல்வி’ என்று எழுதியிருப்பர். அளவுகோலை மாற்றினர். “கட்டி எவ்வளவு என்று கேளாதே, மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று கேள்.”

676 நோயாளிகள் சேர்ந்த அச்சோதனையின் முடிவு 2010-இல் வெளிவந்தது. ஒப்பீட்டுக்கென வேறு மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.4 மாதம், எதிர்ப்பொருள் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 10 மாதம். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். அந்த எண்ணுக்குப் பின்னால் இன்னொன்று மறைந்திருந்தது. பின்னாளில், இம்மருந்து பெற்ற 1861 நோயாளிகளின் கணக்கைத் திரட்டியபோது, ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மூன்று ஆண்டு கடந்தும் வாழ்ந்திருந்தார்; அவ்வாறு கடந்தவர்களுள் பலர் பத்தாண்டு வரையிலும் நீடித்தனர். மாதக் கணக்கில் நாள் குறிக்கப்பட்டவர்கள் அவர்கள்!

அதே அறிக்கையில் மற்றொரு வரியும் உண்டு. அந்த 676 பேருள் 14 பேர், கொடுக்கப்பட்ட மருந்துகளாலேயே இறந்தனர். கடிவாளம் அறுந்த குதிரைகளுள் சில, குடலையும் கல்லீரலையும் மிதித்தன. வென்றதை எழுதிய கை, கொன்றதையும் எழுதிற்று. அற்புதம் விற்போர் ஒருநாளும் எழுதாத வரி அது. 2011 மார்ச்சில் இபிலிமுமாப் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது.

அடுத்து வந்தது ஹோஞ்சோ கண்ட கடிவாளத்தை அறுக்கும் நிவோலுமாப். பலவகைப் புற்றுக்கட்டிகள் முற்றிய 296 பேரிடம் நடந்த முதற்கட்டச் சோதனை 2012-இல் வெளியாயிற்று. மெலனோமாவில் நூற்றுக்கு 28, சிறுநீரகப் புற்றில் 27, நுரையீரல் புற்றில் 18 பேருக்குக் கட்டி சுருங்கிற்று. பெருங்குடல் புற்றில் ஒருவருக்குமில்லை. இதற்கு முந்திய சிறு சோதனையையும் சேர்த்துப் பார்த்தால், பெருங்குடல் புற்றுடையோர் 33 பேர். பயன் பெற்றவர் ஒரே ஒருவர்.

33-இல் ஒன்று! தள்ளிவிடலாமா? கோலியின் ஏட்டில் கண்ட ஒற்றை மனிதரைப்போல இவரும் ஒற்றை மனிதர். ஆனால் இப்போது ஆய்வாளரிடம் முறை இருந்தது. “இவர் மட்டும் ஏன்?” என்று கேட்டனர். விடை அணுவுக்குள் இருந்தது. அணு பிரியும்போது தன் மரபு ஏட்டைப் படியெடுத்துக்கொள்கிறது. அச்சகத்தில் பிழை திருத்துவோர் இருப்பதுபோல அங்கும் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. இவருடைய புற்றில் அந்த ஏற்பாடு கெட்டிருந்தது. பிழைகள் மலிந்தன, வேற்றுருவான புரதங்கள் பெருகின, காவற்படைக்குப் பகைவனை அடையாளம் காண்பது எளிதாயிற்று!

எண்ணம் சரிதானா? மீண்டும் சோதனை. 2015-இல் வெளிவந்த முடிவு: பெம்ப்ரோலிசுமாப் என்னும் எதிர்ப்பொருளால், பிழைதிருத்தம் கெட்ட பெருங்குடல் புற்றுடைய 10 பேரில் 4 பேருக்குக் கட்டி சுருங்கிற்று. கெடாத 18 பேரில் ஒருவருக்குமில்லை. 2017 மே மாதத்தில் அமெரிக்க மருந்து ஆணையம், புற்று எந்த உறுப்பில் முளைத்தது என்று பாராமல், இந்தக் குறியை மட்டும் கொண்டு அம்மருந்துக்கு ஏற்பளித்தது. அவ்வகையில் அதுவே முதல் ஏற்பு.

2022-இல் நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. இக்குறியுடைய மலக்குடல் புற்று நோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்னும் எதிர்ப்பொருளை ஆறு மாதம் கொடுத்தனர். மருந்தை முடித்த 12 பேரிடமும் புற்றின் சுவடு காணப்படவில்லை. அதுவரை ஒருவருக்கும் அறுவை தேவைப்படவில்லை. சோதனை நடந்த இடம் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை. கோலி பணியாற்றிய அந்தப் பழைய புற்றுநோய் மருத்துவமனையின் வழிவந்த நிலையம்! அந்த வெற்றியின் நடுவிலும் ஆய்வாளர் சொன்னதென்ன? “எண்ணிக்கை சிறிது, காலம் குறைவு, இன்னும் பார்க்கவேண்டும்.” கோலியிடம் இல்லாத முறை, அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

★

எல்லாம் சரி. இந்த மருந்து யாருக்கு?

தலையிலும் கழுத்திலும் வாயிலும் வரும் புற்று, புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் உழைப்பாளி மக்களை வாட்டும் நோய். அந்நோய் முற்றியோர்க்கு ஏற்பளிக்கப்பட்ட புதிய மருத்துவம், ஏழை நாடுகளிலும் இடைநிலை நாடுகளிலும் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைக்கே எட்டுகிறது என்று, பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2023-இல் வெளிவந்த ஆய்வுரையில் எடுத்துக்காட்டினர். தடை அறிவன்று, விலை!

அவர்கள் விலையைக் கண்டு புலம்பி நிற்கவில்லை, அளவை ஐயுற்றனர். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் நிவோலுமாப். இவ்வளவும் தேவைதானா? மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தால்? 151 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாய்வழி மாத்திரைகள் மட்டும், மறு பிரிவுக்கு அவற்றோடு இந்தச் சிறு அளவு எதிர்ப்பொருள் என்று சோதித்தனர். ஓராண்டு முடிவில் முதற்பிரிவில் நூற்றுக்கு 16.3 பேர் உயிரோடு இருந்தனர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 43.4 பேர்!

நோபல் பரிசு இதற்குக் கிடைக்கவில்லை, கிடைக்கவேண்டியதும் இல்லை. ஆனால் கண்டுபிடிப்பு என்பது ஆய்வுக்கூடத்தோடு முடிவதில்லை என்பதை இது காட்டிற்று. ஒருவரைப் பிழைக்க வைக்கும் வழி கண்டது முதற்பாதி. காசில்லாதவரையும் பிழைக்க வைக்கும் வழி காண்பது மறுபாதி. முதற்பாதியைப் போற்றி மறுபாதியை மறக்கும் மருத்துவம், மாளிகைக்கு விளக்கேற்றித் தெருவை இருளில் விடும் மருத்துவம்.

★

தொடங்கிய இடத்துக்கு வருகிறோம்.

“நம்மவர் என்ன, ஆய்வுக்கூடத்து எலியா?” என்று கேட்டவருக்கு இப்போது விடை சொல்லலாம். அல்லர். எலிக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை, மனிதனுக்கு உண்டு. இது எத்தனையாவது கட்டச் சோதனை? எனக்கு முன் எத்தனை பேர் பெற்றனர்? அவர்களுக்கு நேர்ந்த நன்மை என்ன, தீமை என்ன? வேறு வழி உண்டா? இடையில் வேண்டாமென்று விலகினால் மற்ற மருத்துவம் தடையின்றிக் கிடைக்குமா? இத்தனையும் கேட்டு, இத்தனைக்கும் தாம் அறிந்த மொழியில் விடை பெற்று, பிறகு ‘சரி’ என்றோ ‘மாட்டேன்’ என்றோ சொல்பவர் மனிதர். அக்கேள்விகளைக் கேட்க விடாமல் கையெழுத்து மட்டும் வாங்குவோர் எவராயினும், மருத்துவர் உடையிலிருந்தாலும், அவர் செய்வது அறிவுப் பணியன்று.

கைகூப்பி மயங்கியவருக்கும் ஒரு சொல். தோற்ற மருந்துகளை எண்ணிப் பாருங்கள். மருந்தாலேயே இறந்த அந்த 14 பேரை எண்ணிப் பாருங்கள். சோதனையில் உள்ளது என்றால், ‘இன்னும் தெரியாது’ என்று பொருள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மைதான் இந்த மருத்துவத்தின் பெருமை. அதைப் பறித்துக்கொண்டு அற்புதம் என்று பட்டம் சூட்டாதீர்கள்.

நோபல் பரிசு பெற்றோரின் பெயரை உலகம் அறியும். அந்த இத்தாலியக் குடியேறியும், இலண்டனில் கை நீட்டிய அறுவரும், 676 பேரும், 33-இல் ஒருவரும், பம்பாயில் வரிசையில் நின்ற 151 பேரும் பாடநூலில் இடம்பெறுவதில்லை. அவர்களுள் பலர், தமக்குப் பயன்படாவிட்டாலும் பின்வருவோர்க்குப் பயன்படட்டும் என்று எண்ணியே உடலை ஈந்திருப்பர். நாளை ஏதோ ஓர் ஊரில், முற்றிய புற்றோடு மருத்துவர்முன் அமரும் ஒருவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு கூடுதல் ஆண்டும் அவர்கள் விட்டுச்சென்ற சொத்து. அச்சொத்துக்கு உயில் எழுதப்படவில்லை. ஆகவே அது அனைவருக்கும் உரியது.

நாம் பள்ளியில் பாடம் நடத்துவோர். “ஏன்?” என்று எழுந்து நிற்கும் சிறுவனைத் தலையில் குட்டி உட்கார வைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. அடுத்தமுறை குட்ட ஓங்கும் கை, இந்த வரலாற்றை எண்ணிச் சற்றே தயங்கட்டும். 33-இல் ஒருவர் மட்டும் ஏன் பிழைத்தார் என்று கேட்டவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வகுப்பறையில் எழுந்து நின்ற பிள்ளைதானே!